மஞ்சள் பட்டை

கெல்வே தீவு
22 அக்டோபர் 2005, சனிக்கிழமை

அன்புத் தம்பி எர்வினுக்கு,

நானும் யாஸ்னாவும் சுகம். உன் இருமல் நின்றதா? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அப்படியென்றால் நிற்கவில்லை என்றுதான் அர்த்தம். மாத்திகோ இலையைக் கொதிக்க வைத்துத் தேன் விட்டுக் குடி. காஸ்ட்ரோ சந்தையில் கிடைக்கும், சோம்பேறித்தனம் பண்ணாதே.

மின்னஞ்சல் அனுப்பக் கூடாதா என்று மறுபடி கேட்காதே. காற்று பலமாக அடித்தால் பள்ளிக்கூடத்து இணைப்பு போய்விடுகிறது. முக்கால் பக்கம் எழுதியது ஒரு தடவை அப்படியே போயிற்று. படகுக்காரர் ஒஸ்வால்டோ இதுவரை என் கடிதம் எதையும் தொலைத்ததில்லை.

இப்போது நல்ல சேதி. இடமாற்ற விண்ணப்பத்தை இன்று போட்டுவிட்டேன்! அந்த இணையப் பக்கம் நீ எழுதியது என்று தெரிந்ததும் யாஸ்னாவுக்கு ஒரே பெருமை. விடுதியிலிருந்து நேற்றுதான் வந்தாள். நான் விவரம் சொல்லச் சொல்ல அவளே தட்டினாள். பதினோரு வருடம் தீவில் ஒற்றை ஆசிரியை, மகள் காஸ்ட்ரோ விடுதியில் ஏழாவது படிக்கிறாள், அவளோடு இருக்க விரும்புகிறேன் என்று காரணம் எழுதினேன். பொத்தானை அழுத்தியதும் 'விண்ணப்பம் பெறப்பட்டது' என்று வந்தது. மேலே அந்த மஞ்சள் பட்டையும் வந்தது. யாஸ்னா அதைப் படிக்கப் போனாள். "அதையெல்லாம் படிக்காத, விளம்பரத்தத் தடுத்துட்டேன்னு சொல்லுதுன்னு உன் மாமா சொல்லியிருக்காரு, மூடு" என்றேன். மூடிவிட்டாள்.

பிப்ரவரியில் வந்தபோது நீ போட்டுக் கொடுத்த அந்த நரிப்படம் போட்ட உலாவி பெரிய நிம்மதி, தம்பி. முன்பெல்லாம் பிள்ளைகள் திமிங்கலம் என்று தேடினால் அரைகுறை உடையில் பொம்பளைகள் ஜன்னல் ஜன்னலாகக் குதிப்பார்கள். நீ கொடுத்த குறுந்தகட்டைப் பிரதி எடுத்துப் பக்கத்துத் தீவுப் பள்ளிகள் ஐந்துக்கும் கொடுத்துவிட்டேன். அதில் ஒரு பள்ளியின் ஆசிரியர் ஹெரிபெர்த்தோ மான்சில்யா உன்னை வாழ்த்தச் சொன்னார். அவரும் விண்ணப்பிக்கிறார். அவர் மனைவிக்கு வாரம் மூன்று முறை சிறுநீரகச் சிகிச்சை, ஒவ்வொரு முறையும் வாடகைப் படகு.

கடைசி நாள் 31ஆம் தேதி. ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்.

ஒரு சாக்கு உருளைக்கிழங்கு ஒஸ்வால்டோவிடம் கொடுத்திருக்கிறேன். மில்காவோ அடை சுட்டுச் சாப்பிடு.

முத்தங்களுடன் உன் அக்கா,
எடிதா

———

(அனுப்பாத கடிதம்)

காஸ்ட்ரோ
13 நவம்பர் 2005

அக்கா,

உன் கடிதம் 26ஆம் தேதியே வந்துவிட்டது. இன்றுதான் பிரித்தேன். அன்று என் தோழி மரிபெல் பிறந்தநாளுக்குப் போகும் அவசரத்தில் மேல்கோட்டுப் பையில் போட்டேன். பிறகு வெயில் வந்தது, கோட்டை மாட்டவே இல்லை. இன்று மழை. கையை விட்டேன், கடிதம் வந்தது.

அந்த மஞ்சள் பட்டை விளம்பரம் இல்லை. அது என் ஜன்னல்.

நீ பொத்தானை அழுத்தியதும் ஒரு சின்ன ஜன்னல் திறந்து, 'உங்கள் விண்ணப்பம் உறுதியா? உறுதி செய்யப்படாதவை கணக்கில் எடுக்கப்படாது' என்று கேட்க வேண்டும். அதில் 'ஆம்' அழுத்தினால்தான் விண்ணப்பம் உள்ளே போகும். விண்ணப்பம் முதலில் சேமிக்கப்படட்டும் என்று நான் இரண்டு விநாடி பொறுத்து அந்த ஜன்னலைத் திறக்க வைத்தேன். நரி உலாவியின் கணக்கு வேறு. நீ அழுத்திய அந்தக் கணத்திலேயே திறந்தால் அதை விருந்தாளி என்று உள்ளே விடும். கொஞ்சம் கழித்துத் தானாகத் திறந்தால் விளம்பரக்காரன் என்று கதவடைக்கும். எங்கள் அலுவலகத்துப் பழைய உலாவிகளில் இந்த வித்தியாசம் கிடையாது, எல்லாவற்றையும் திறந்துவிடும். நான் அதில் மட்டும்தான் சோதித்தேன். பக்கத்தைக் கல்வி அலுவலகத்திடம் ஒப்படைக்கும் படிவத்தில் 'எல்லா உலாவிகளிலும் சோதிக்கப்பட்டது' என்று ஒரு வரி இருந்தது. முதலாளி தோன் காஸ்தோன், "இந்தத் தீவுக் கூட்டத்துல எவன்டா வேற உலாவி வெச்சிருக்கான்? கையெழுத்தப் போடு" என்றார். போட்டேன். யார் வைத்திருக்கிறார்கள் என்று உலகத்திலேயே எனக்குத்தான் தெரியும். நானே போட்டுக் கொடுத்தவன். அந்த நேரத்தில் அது நினைவுக்கே வரவில்லை, அக்கா, சத்தியமாக.

பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். மொத்தம் எழுபத்தெட்டு விண்ணப்பம். உறுதி செய்யாதவை ஆறு. ஆறும் நரி உலாவி. நீ பிரதி எடுத்துக் கொடுத்த ஐந்து பேரும் நீயும்.

உன் கடிதத்தை வந்த அன்றே பிரித்திருந்தால் ஐந்து நாள் மிச்சம் இருந்தது.

———

காஸ்ட்ரோ
15 நவம்பர் 2005

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இருமல் போய்விட்டது. உருளைக்கிழங்கு வந்தது, பாதியைப் பக்கத்து அறைக்காரருக்குக் கொடுத்தேன். உன் கடிதத்துக்குப் பதில் போடத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள், வேலை தலைக்கு மேல்.

விண்ணப்பம் போட்டது சந்தோஷம். நல்லதே நடக்கும் என்று நம்புவோம்.

யாஸ்னாவுக்கு ஒரு ஜோடி மழைக்காலணி வாங்கி விடுதியில் கொடுத்தேன். சிவப்பு கேட்டாள், சிவப்பே வாங்கினேன். உனக்கு ஒரு கம்பளிச் சால்வை ஒஸ்வால்டோவிடம் அனுப்பியிருக்கிறேன். விசேஷம் ஒன்றுமில்லை, சும்மாதான்.

உன் தம்பி,
எர்வின்

———

கெல்வே தீவு
22 டிசம்பர் 2005

அன்புத் தம்பிக்கு,

நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். சால்வை நன்றாக இருக்கிறது. இத்தனை வருடத்தில் சும்மா ஒரு சால்வை வாங்கித் தந்தவன் இல்லையே நீ, யாராவது பெண் கெடுத்துவிட்டாளா?

பட்டியல் வந்துவிட்டது. என் பெயர் இல்லை.

கல்வி அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், "தேர்வானவங்க பேரு மட்டும்தாங்க எங்ககிட்ட இருக்கு, முடிவு இறுதியானது" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டாள். படகில் திரும்பி வரும்போது வழியெல்லாம் அதையேதான் யோசித்தேன். என்ன தப்புப் பண்ணினேன்? போன வருடம் ஆய்வாளரிடம் கூரை ஒழுகுவதைப் பற்றிக் கொஞ்சம் காரமாகப் பேசினேன், அதுவா? வயதா? எனக்கு நாற்பத்து மூன்றுதான் ஆகிறது. யாஸ்னாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டுக் கோழிக்கூட்டுப் பக்கம் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

தம்பி, அந்தப் பக்கத்தை எழுதியவன் நீதானே. உள்ளே பார்த்து எனக்கு என்ன மதிப்பெண் போட்டார்கள் என்று சொல்ல முடியுமா? மாற்றச் சொல்லவில்லை. தெரிந்தால் போதும். எதில் குறைந்தேன் என்று தெரிந்தால் அடுத்த முறை சரி செய்துகொள்வேன்.

பண்டிகைக்கு வா. கோழி அடிக்கிறேன்.

உன் அக்கா,
எடிதா

———

காஸ்ட்ரோ
9 ஜனவரி 2006

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. பண்டிகைக்கு வர முடியவில்லை, வடகாற்று என்று துறைமுகத்தை மூடியிருந்தார்கள்.

நீ கேட்ட விஷயம். அதையெல்லாம் பார்க்க எங்களுக்கு அனுமதி கிடையாது. பக்கத்தைச் செய்து கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. நீ எதிலும் குறைந்தவள் இல்லை, அக்கா. அதை மட்டும் நினைத்துக்கொள். தயவுசெய்து அப்படி யோசிக்காதே.

இந்த ஜனவரி, பிப்ரவரி கோடை விடுமுறையில் தீவுக்கு வர முடியுமா தெரியவில்லை, வேலை இருக்கிறது. மார்ச்சில் பள்ளி திறந்ததும் யாஸ்னா விடுதியில் தங்கும் ஒவ்வொரு ஞாயிறும் அவளை வெளியே கூட்டிப்போகிறேன். ஒரு ஞாயிறும் தவற மாட்டேன்.

உன் தம்பி,
எர்வின்

———

கெல்வே தீவு
19 மார்ச் 2006

அன்புத் தம்பிக்கு,

உடம்பு எப்படி? ஒஸ்வால்டோ உன்னைச் சந்தையில் பார்த்தாராம். "உங்க தம்பி பாதியா இளைச்சிட்டான், டீச்சரம்மா" என்றார். சமைத்துச் சாப்பிடு. யாஸ்னா சொன்ன அந்த மரிபெல் சமைப்பாளா மாட்டாளா?

துறைமுகம் மூடியிருந்தது என்று எழுதினாயே, பண்டிகைக்கு முந்தின நாள் ஒஸ்வால்டோ இரண்டு நடை வந்தார். சரி, விடு. உனக்கும் உன் வாழ்க்கை இருக்கிறது.

யாஸ்னாவை விடுதியில் விட்டு வந்தேன். படகுத்துறையில் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருஷம் வந்துருவியாம்மா?" என்றாள். வருவேன் என்று எப்படிச் சொல்வது? எதனால் மறுத்தார்கள் என்றே தெரியவில்லையே. போன வெள்ளிக்கிழமை படகு ஓடவில்லை. படகு ஓடாத வெள்ளிகளில் மற்ற பிள்ளைகள் விளையாடுகிறார்களாம், இவள் மட்டும் துறையில் போய் நிற்கிறாளாம். விடுதி அம்மா சொன்னாள்.

இன்னொன்று. மான்சில்யா வேலையை ராஜினாமா செய்துவிட்டார். மனைவியைப் படகில் ஏற்றி இறக்க முடியவில்லை. இப்போது காஸ்ட்ரோவில் மீன் பதப்படுத்தும் ஆலையில் நிற்கிறார். இருபத்திரண்டு வருட ஆசிரியர், ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு சால்மன் முள் எடுக்கிறார். எங்கள் ஆறு தீவுகளில் ஒருவருக்குக்கூடக் கிடைக்கவில்லை, தம்பி. ஒருவருக்குக்கூட. மேலிடத்தில் எங்கள் மேல் என்ன கோபமோ.

உன் அக்கா,
எடிதா

———

காஸ்ட்ரோ, விடுதி
7 மே 2006, ஞாயிறு

அம்மாவுக்கு யாஸ்னா எழுதுவது,

நான் நல்லா இருக்கேன். ஒரு பல் ஆடுது. நீ எப்படி இருக்க? வெள்ளைக் கோழி முட்டை போடுதா?

இன்னிக்கு மாமா என்னை அவர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனாரு. கீழ ஆணிக் கடை, மேல ஆபீஸ். மாமா காபி போடப் போனப்ப நான் அவர் கணினில நீயும் நானும் அன்னிக்கு நிரப்பின பக்கத்தப் பாத்தேன். விளையாட்டுக்கு உன் பேரைப் போட்டு அழுத்தினேன். ஒரு குட்டி ஜன்னல் வந்துச்சும்மா! உறுதியா, உறுதி செய்யலைன்னா கணக்குல எடுக்க மாட்டோம்னு கேட்டுச்சு. நம்ம கணினில இது வரவே இல்லையே? மஞ்சப் பட்டைதான வந்துச்சு? நான் மாமாகிட்ட அதைக் கேட்டேன். மாமா காபிய கீழ கொட்டிட்டாரு. அப்புறம் திரையை அணைச்சிட்டு, "வா வா, கடைய மூடிருவாங்க, ஐஸ்கிரீம் சாப்பிடலாம்"னாரு. மழைல ஐஸ்கிரீம். ரெண்டு வாங்கித் தந்தாரு. அவர் ஒண்ணும் சாப்பிடல.

நான் பட்டைய மூடினதாலதான் உனக்குக் கிடைக்கலையா? நான்தான மூடினேன்.

சீக்கிரம் பதில் போடு.

யாஸ்னா

———

கெல்வே தீவு
2 ஜூன் 2006

எர்வினுக்கு,

இங்கே எல்லாரும் நலம்.

சிவப்புக் காலணியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். யாஸ்னாவுக்குக் கால் வளர்ந்துவிட்டது. வேறு வாங்க வேண்டாம், நானே வாங்கிக்கொள்கிறேன்.

நீ ஏதாவது எழுத வேண்டியிருந்தால் எழுது. படகு செவ்வாயும் வெள்ளியும் வருகிறது.

எடிதா

———

காஸ்ட்ரோ
20 ஆகஸ்ட் 2006

அக்கா,

உன் கடைசிக் கடிதத்தில் 'அன்பு' இல்லை, 'தம்பி' இல்லை. பார்த்த உடனே உனக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. அதற்குப் பிறகும் பதினொரு வாரம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் படகு கிளம்பும் நேரத்துக்கு மேல்மாடியிலிருந்து பார்ப்பேன். கிளம்பிப் போனதும், சரி, அடுத்த படகுக்கு எழுதலாம் என்று மூச்சு விடுவேன். அப்படிப்பட்ட ஆளாகிவிட்டேன்.

இதோடு ஒரு பழைய கடிதத்தை வைத்திருக்கிறேன். நவம்பரில் எழுதியது. படித்துவிட்டு மேலே படி.

படித்துவிட்டாயா? அதை அன்றைக்கே அனுப்பியிருந்தால் முடிவு வர ஒரு மாதம் இருந்தது. தோன் காஸ்தோனிடம் சொல்லப் போனேன். படி ஏறும்போதே அந்தக் கையெழுத்து ஞாபகம் வந்தது. இரண்டு வருடம் வேலையில்லாமல் உன் வீட்டில் சாப்பிட்டவன் நான். அதை நினைத்தேன், திரும்பிவிட்டேன். பயந்தாங்கொள்ளி என்று சொல், சரிதான்.

அடுத்த நாள் ஜன்னலைச் சரி செய்தேன். பத்து நிமிட வேலை, அக்கா. அந்த இரண்டு விநாடியை எடுத்துவிட்டால் எல்லா உலாவியிலும் திறந்துகொள்கிறது. நரி உலாவியையும் போட்டு வைத்துச் சோதித்தேன், எல்லாம் முடிந்த பிறகு. யாஸ்னா பார்த்தது அதைத்தான்.

நீ மதிப்பெண் கேட்டு எழுதினாய். உனக்கு மதிப்பெண்ணே போடவில்லை. உன் விண்ணப்பத்தை ஒரு மனுஷனும் படிக்கவில்லை. நீ ஆய்வாளரிடம் பேசினதை நினைத்து, வயதை நினைத்து வருந்திக்கொண்டிருந்தாய், நான் 'அனுமதி கிடையாது' என்று எழுதினேன். மற்ற எல்லாவற்றையும் விட அந்த ஒரு வரிதான் என்னைத் தின்கிறது.

போன மாதம் மீன் ஆலை வாசலில் மான்சில்யாவைப் பார்த்தேன். கை வெந்து சிவந்திருந்தது. "டேய் எர்வின், உன் குறுந்தகடு ரொம்ப உபயோகம்டா, பிள்ளைங்களுக்கு ஒரு அசிங்கமும் வரல" என்று தோளில் தட்டினார். நான் சிரித்தேன். சிரித்தேன், அக்கா!

யாஸ்னாவிடம் சொல்லிவிடு, அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. பட்டையை மூடச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

மன்னிப்புக் கேட்கத் தைரியம் இல்லை.

எர்வின்

———

கெல்வே தீவு
28 ஆகஸ்ட் 2006

எர்வின்,

உடம்பு எப்படி என்று இப்போதும் கேட்கத்தான் செய்கிறேன். பழக்கம்.

மே மாதமே தெரியும். யாஸ்னாவின் கடிதம் வந்த அன்று அடுப்பில் பால் இருந்தது, பொங்கி வழிந்து தீய்ந்த பிறகுதான் கவனித்தேன். முதலில் யாஸ்னாவுக்குப் பதில் போட்டேன், உன் மேல் தப்பில்லை என்று. பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதியதையெல்லாம் கிழித்தேன். நீயாகச் சொல்கிறாயா பார்ப்போம் என்று இருந்தேன். படகு வரும் ஒவ்வொரு நாளும் ஒஸ்வால்டோவின் கையைப் பார்ப்பேன். "தம்பிகிட்டருந்து ஒண்ணும் இல்ல டீச்சரம்மா" என்பார், அவர்தான் ஏதோ தப்புச் செய்தது போல.

கோபம் தீரவில்லை. என் பிள்ளை அந்தத் துறையில் நின்ற ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும் கோபம் இருக்கிறது. தீர்ந்தால் சொல்கிறேன்.

ஆனால் உன்னைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு முழுசாக இல்லை. ராஜினாமா செய்தவர்கள் ஜூன் கடைசி வரை அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை வந்தது. என் மேசையில்தான் கிடந்தது. மே, ஜூன் இரண்டு மாதமும் எனக்கு எல்லாம் தெரியும். மான்சில்யாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் திரும்பியிருப்பார். நான் சொல்லவில்லை. சொன்னால் விஷயம் வெளியே வரும், உனக்கு வேலை போகும், மறுபடி பழையபடி ஆகிவிடுவாய் என்று பயந்தேன். அம்மா செத்த பிறகு உன்னை வளர்த்தவள், கை தானாக உன் பக்கம் போய்விட்டது. அவர் மனைவி எனக்குப் பின்னிக் கொடுத்த காலுறையைப் போட்டுக்கொண்டுதான் அந்தச் சுற்றறிக்கையை மடித்து வைத்தேன். அந்தக் குறுந்தகட்டைக் கொடுத்தவளும் நான்தான்.

எனக்கு மட்டும் சொன்னால் ஆயிற்றா? நான் உன் அக்கா, எப்படியும் ஒருநாள் சோறு போட்டுவிடுவேன். மற்ற ஐந்து பேர்? கல்வி அலுவலகத்துக்குப் போ. அந்த ஆறு பெயரையும் எடுத்துக்கொண்டு போ. நீ கையெழுத்துப் போட்ட தாளைப் பற்றியும் சொல். வேலை போனால் போகட்டும்.

செப்டம்பர் முடிவுக்குள் நீ போகவில்லையென்றால் நான் போவேன். சும்மா மிரட்டலுக்கு எழுதவில்லை.

எடிதா

———

காஸ்ட்ரோ
8 அக்டோபர் 2006

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் சுகம் என்று யாஸ்னா சொன்னாள்.

போனேன். முதலில் தோன் காஸ்தோனிடம். "உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு? ஒருத்தனும் கேக்கலையேடா!" என்று கத்தினார். "அதுதான் தப்பு, தோன் காஸ்தோன். ஒருத்தரும் கேக்கல, அவங்களுக்குக் கேக்கத் தெரியல" என்றேன். மேசையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பதிவேட்டின் அச்சுப் பிரதியை ஏற்கெனவே சட்டைக்குள் வைத்திருந்தேன்.

கல்வி அலுவலகத்தில் ஒரு மூத்த அதிகாரி, பெயர் தோன்யா இர்மா, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஆறு வரியையும் விரலால் தொட்டுப் படித்தாள். "இவங்க எல்லாரும் உறுதி செய்யலைன்னுல்ல நாங்க ஒதுக்கினோம்" என்றாள். கேள்வியே அவர்களுக்குப் போகவில்லை என்றேன். "ஒரு வருஷம் எங்கய்யா இருந்தீங்க?" என்றாள்.

ஆறு பேருக்கும் கடிதம் போகிறது. நகரத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, ஓய்வு பெறுகிற ஒருவருடையது. அதற்கு ஆறு விண்ணப்பத்தையும் படித்து மதிப்பெண் போடுவார்கள். ஒரே ஓர் இடம்தான், அக்கா. மான்சில்யாவைச் சேர்க்க முடியாது என்றுவிட்டாள். ராஜினாமா செய்தவர் இப்போது ஆசிரியரே இல்லையாம். கெஞ்சிப் பார்த்தேன். அப்படியானால் ஐந்து.

பக்கத்தை மாற்றிக் கொடுக்கச் சொன்னார்கள், காசு வாங்காமல் மாற்றினேன். ஜன்னலையே எடுத்துவிட்டேன். கேள்வி அதே பக்கத்தில், பொத்தானுக்கு மேலேயே இருக்கும். எந்த உலாவியும் தடுக்க முடியாது. முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம். குட்டி ஜன்னல் அழகாக இருக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான் காரணம்.

இப்போது கீழே ஆணிக் கடையில் நிற்கிறேன். இரண்டு அங்குலத்துக்கும் இரண்டரைக்கும் வித்தியாசம் தெரிய ஒரு வாரம் பிடித்தது.

மான்சில்யாவிடம் இன்னும் போகவில்லை. அலுவலகக் கடிதம் போயிருக்கும், அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு வேலைக்கு வருகிறேன்.

உன் தம்பி என்று எழுதலாமா,
எர்வின்

———

கெல்வே தீவு
15 டிசம்பர் 2006

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு. மாத்திகோ இலை உலர்த்தி வைத்திருக்கிறேன், போன குளிர்காலம் முழுக்க நீ இருமியதை யாஸ்னா சொன்னாள்.

முடிவு வந்தது. எனக்குக் கிடைக்கவில்லை. பக்கத்துத் தீவு ஆசிரியை நான்ஸி பார்ரியாவுக்குக் கிடைத்தது. பதினாறு வருடம் தீவில், இரட்டைப் பிள்ளைகள் இரண்டும் விடுதியில். நான் மூன்றாவது. நான்கு பேர் கையெழுத்துப் போட்ட தாள், ஒவ்வொரு வரிக்கும் மதிப்பெண். ஆய்வாளர் என்னைப் பற்றி நல்லபடியாகவே எழுதியிருக்கிறார், கூரை விஷயத்தையும் சேர்த்து.

யாஸ்னா அந்தத் தாளை வாங்கி மேலிருந்து கீழ் வரை படித்தாள். "இவங்க உன்னைப் படிச்சிருக்காங்கம்மா" என்றாள். பிறகு அழுதாள். போன வருடம் அழாததையும் சேர்த்து அழுதாள். நானும் அழுதேன். வலிக்கிறது, தம்பி, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த 'இல்லை'யை நான் வாங்கிக்கொள்கிறேன். அடுத்த வருடம் மறுபடி போடுவேன்.

அதுவரை வெள்ளிக்கிழமை படகு ஓடாவிட்டால் யாஸ்னா உன் அறைக்கு வரட்டும் என்று விடுதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் கேட்டாள், அதனால். மழையில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்காதே.

மான்சில்யா வீட்டுக்குப் போன வாரம் நான் போனேன். சுற்றறிக்கை விஷயத்தை என் வாயால் சொன்னேன். அவர் வெந்த கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அவர் மனைவிதான், "உங்க தம்பி எங்க?" என்று கேட்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரியில் தீவுக்கு வா. கோழி அடிக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போ. கடிதம் போடாதே, நேரில் போய்க் கதவைத் தட்டு. திறந்தால் உள்ளே போய் உட்கார். திறக்காவிட்டால் மறுநாளும் போய்த் தட்டு.

உன் அக்கா,
எடிதா